ஒட்டியும் உடைந்த ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்: சத்தியமங்கலத்துப் பூ வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 150 சிசி வகை. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். விடிவதற்குள் பறித்த மல்லி, காக்கடா மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் அன்றாட வேலை. பாதை பாதிக்குமேல் கீழ்பவானி வாய்க்கால் கரையும் தோட்டத்து மண் தடமும்தான். பூ மூட்டை கனமில்லை, ஆனால் பருமன். சீட்டின் பின்பாதியை அது பிடித்துக்கொள்வதால் ஓட்டுபவர் டேங்கை ஒட்டி உட்கார்ந்திருப்பார். குழி வந்தால் இரண்டு ஃபுட்ரெஸ்ட்டிலும் எழுந்து நின்று கடப்பார். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் கணக்கில் வரும்.

பட்டறைக்கு வந்தபோது வலப்பக்க பிராக்கெட் இரண்டு துண்டாக இருந்தது. இந்த வகை வண்டிகளில் வலப்பக்க பிராக்கெட் வெறும் கால் வைக்கும் சாமான் அல்ல. அலுமினிய வார்ப்பு ஒன்றிலேயே ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடலின் அச்சு, பின்பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) மூன்றும் இருக்கின்றன. மேலே ஒரு எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட், அதற்கு 95 மி.மீ. கீழே இன்னொரு எம்8 போல்ட். இவை சேசிஸில் பற்றவைத்த இரண்டு இரும்புக் குமிழ்களில் இறங்குகின்றன. ஃபுட்ரெஸ்ட்டைப் பின் போட்டு மாட்டும் காதுகள் கீழ் போல்ட்டுக்குப் பக்கத்தில். முறிவு விழுந்த இடம் காதுகளுக்குச் சற்று மேலே, வார்ப்பு ஒடுங்கும் கழுத்தில்.

விளைவு மோசமானது. ஃபுட்ரெஸ்ட்டும் பெடலும் கீழ்த் துண்டில், மாஸ்டர் சிலிண்டர் மேல் துண்டில். கீழ்த் துண்டு ஒற்றைப் போல்ட்டில் சுழல ஆரம்பித்ததும் பெடலை மிதிக்க மிதிக்க சிலிண்டர் அசையவில்லை, துண்டுதான் அசைந்தது. பின்பிரேக் முழுதாக இல்லை. இடப்பக்கம் இப்படி உடைந்தால் கியர் மாற்றச் சிரமம், அவ்வளவுதான். வலப்பக்கம் உடைந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி வேறு வண்டியில் ஏற்றி வர வேண்டும். கயிற்றில் கட்டிக்கொண்டு ஓட்டி வருவது வழக்கமாக இருக்கிறது, கூடாது.

“ஆர்கான் வெச்சு ஒட்டுனதுங்ணா. ரெண்டு மாசங்கூடத் தாங்கலீங்க. இந்தத் தடவ இன்னுங்கொஞ்சம் கனமா ஒட்டிக் குடுத்துருங்க.”

“ஒட்டறது இருக்கட்டுந் தம்பி. மொதல்ல எங்கிருந்து விட்டுதுன்னு பாக்கலாம்.”

இந்த ஆய்வு முழுதும் அந்த இரண்டாவது பேச்சைப் பற்றியது. பிராக்கெட் இரண்டு முறை உடைந்திருக்கிறது. முதல் முறை உடைத்தது எதுவோ அது வண்டியிலேயே இருந்ததால்தான் இரண்டாம் முறையும் உடைந்தது. வெல்டிங் நன்றாக இருந்திருந்தாலும் சில மாதங்கள் கூடுதலாக ஓடியிருக்கும், அவ்வளவே.

முறிந்த முகம்

உடைந்த துண்டுகளை உடனே கழுவக் கூடாது, இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் கூடாது. பொருத்தித் தேய்த்தால் மேடுகள் நசுங்கி அடையாளம் போய்விடும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, வெறுங்கண்ணிலும் ஒரு பூதக்கண்ணாடியிலும் பார்த்தாலே போதும்.

பழைய வெல்டிங் விழாத ஓரப் பகுதியில் முதல் முறிவின் முகம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதில் இரண்டு நிறம். வெளிப்பக்கத் தோலிலிருந்து உள்ளே மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை கருத்து, வழவழப்பாக, செயின் எண்ணெயும் மண்ணும் ஊறிப் போயிருந்தது. மீதி வெளுத்து, சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் பொரபொரவென்று. கருத்த பகுதி பல நாளாகத் திறந்து மூடிய விரிசல். வெளுத்த பகுதி கடைசி நாள் ஒரே அடியில் விட்டது. ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுவதும் வெளுப்பாக இருக்கும். ஆக, விழுந்த அன்று உடையவில்லை. விழுந்த பிறகு மெல்ல மெல்ல அறுந்திருக்கிறது. விரிசல் பிறந்தது வெளிப்பக்கத் தோலில் என்பதும் முக்கியம். அந்தத் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரும்புக்கு ஓர் எல்லை உண்டு: அதற்குக் கீழ் எத்தனை லட்சம் முறை சுமை ஏறி இறங்கினாலும் சலிப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. சின்னச் சுமையானாலும் திரும்பத் திரும்ப வந்தால் என்றைக்காவது விரிசல் விடும். அதனால்தான் அலுமினிய பிராக்கெட்டில் தேவையில்லாத சுமை எதுவும் நிரந்தரமாகத் தங்கக் கூடாது.

இரண்டாம் முறிவு வெல்டிங் மேட்டின் ஓரத்திலேயே ஓடியிருந்தது. மேட்டின் குறுக்கே அறுந்த இடங்களில் குண்டூசித் தலை அளவுக் குழிகள், உள்ளே கரி. இது ஒட்டியவரின் கைக்குறை மட்டுமல்ல. இப்படிப்பட்ட பிராக்கெட்டுகள் பெரும்பாலும் டை காஸ்டிங். அதற்குப் பரவலாக எடுக்கும் அலுமினியக் கலவை ஏடிசி12. உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் பீய்ச்சும்போது காற்றும் அச்சில் தடவிய எண்ணெயும் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. மறுபடி உருக்கினால் அவை கொப்புளமாகக் கிளம்புகின்றன. எவ்வளவு நல்ல கையானாலும் குழி வரும்.

டை காஸ்டிங்கா என்று தெரிந்துகொள்ள பிராக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கவும். வட்ட வட்டமாக நாணய முத்திரை போன்ற தடங்கள் (அச்சிலிருந்து தள்ளும் ஊசிகள் பட்ட இடம்), 3 - 4 மி.மீ. கனத்தில் மெல்லிய சுவர்களும் குறுக்கு விலாக்களும், கூர்மையான எழுத்துகள் இருந்தால் டை காஸ்டிங். கனமாக, விலா இல்லாமல், தோல் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் மணல் வார்ப்பு அல்லது கிராவிட்டி வார்ப்பு. அது வெல்டிங்குக்கு எவ்வளவோ மேல். கோவையில் பம்ப் பாடியும் இம்பெல்லரும் ஊற்றும் ஃபவுண்டரிப் பக்கம் வேலை செய்தவர்கள் கையில் எடுத்த உடனே சொல்லிவிடுவார்கள்.

வண்டியில் தங்கியிருந்த மூன்று குறைகள்

கேட்டு அறிந்த வரலாறு சுருக்கமானது. மழை நாளில் வாய்க்கால் கரைக் களிமண்ணில், நடை வேகத்தில், வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. கண்ணாடி திரும்பியது, பெடல் வளைந்தது; பைப் விட்டு நிமிர்த்தியாயிற்று. மேல் போல்ட் வளைந்திருந்ததால் ஹார்டுவேர் கடையில் வேறு போல்ட் வாங்கிப் போட்டார்கள். பிராக்கெட்டில் வெளியே தெரிய ஒன்றுமில்லை. அதிலிருந்து நான்காவது மாதம் முதல் முறிவு.

முதல் குறை ஃபுட்ரெஸ்ட்டின் கீல். ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கியும் பின்நோக்கியும் சாய்ந்து மடங்கும்படி வைத்திருப்பது ஏன் என்று பலர் யோசிப்பதில்லை. வளைவில் வண்டி அதிகம் சாய்ந்தால் நுனி தரையைத் தொட்டு மடங்க வேண்டும். விழுந்தாலும் மடங்கிக்கொண்டு பிராக்கெட்டைக் காப்பாற்ற வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையில் போய்வரும் வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் நுனி உராய்ந்த தடம் சாதாரணமாகத் தெரியும். இந்த வண்டியின் கீலில் களிமண்ணும் துருவும் இறுகி, கையால் மடக்க முடியவில்லை. சுத்தியால் தட்டியபின்தான் அசைந்தது. மடங்காத ஃபுட்ரெஸ்ட் ஒரு நெம்புகோல். விழுந்த அன்று அதன் நுனி மண்ணில் ஊன்றி, வண்டியின் எடையை அப்படியே உள்நோக்கித் தள்ளியிருக்கிறது.

தள்ளப்பட்டது எது என்பதுதான் இரண்டாவது குறை, இந்த ஆய்வின் மையமும் அதுதான். பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, சேசிஸின் இரண்டு குமிழ் முகங்களின்மேலும் எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், கீழ்க் குமிழ் 1.5 மி.மீ. உள்ளே போயிருந்தது. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மூன்று இடத்தில் நுழைத்துப் பார்த்ததில் ஒரே அளவு. அதாவது முகம் சாயவில்லை, நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. 1.5 மி.மீ. என்பது இரண்டு ஏடிஎம் கார்டு கனம்தான். ஆனால் மேல் போல்ட்டை இறுக்கிவிட்டுக் கீழ் போல்ட்டை இறுக்கும்போது, அந்த இடைவெளியை மூடுவதற்குப் பிராக்கெட்தான் வளைய வேண்டும். ஏடிசி12 போன்ற வார்ப்பு வளைந்து கொடுக்கிற சாதி அல்ல. ஓரிரு சதவீதம் நீள்வதற்குள் விட்டுவிடும். வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் கழுத்தின் வெளித்தோல் இழுபட்டே இருந்தது. எம்8 போல்ட் ஒழுங்காக இறுகினால் ஏறத்தாழ 15 கிலோ நியூட்டன், அதாவது ஒன்றரை டன் அழுத்தம். அந்த இழுப்பை அலுமினியக் கழுத்து தாங்கிக்கொண்டிருந்தது.

இதன்மேல் ஓட்டுபவர் எழுந்து நிற்பதைச் சேர்த்துப் பார்க்கலாம். 70 கிலோ ஆள் ஒரு காலில் முழு எடையையும் போட்டு, பிராக்கெட் முகத்திலிருந்து 90 மி.மீ. வெளியே மிதித்தால் முறுக்கம் 62 நியூட்டன் மீட்டர். குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது இது இரண்டு மடங்கைத் தொடுவது சாதாரணம். இந்த முறுக்கமும் கழுத்தின் அதே வெளித்தோலைத்தான் இழுக்கிறது. நல்ல பிராக்கெட் நல்ல குமிழில் உட்கார்ந்திருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. அதற்கென்று கணக்குப் போட்டு ஊற்றியதுதான். ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் தோலுக்குத்தான் இது விஷம்.

மூன்றாவது குறை மேல் போல்ட். தலையில் எந்த எண்ணும் இல்லாத சாதாரண போல்ட், 8.8 என்ற வலிமைத் தர முத்திரை இருந்திருக்க வேண்டும். நீளமும் 5 மி.மீ. குறைவு. குமிழின் மரையில் அது 5 மி.மீ. மட்டுமே ஏறியிருந்தது, எம்8 போல்ட் இரும்பு மரையில் குறைந்தது 8 மி.மீ. ஏற வேண்டும். முதல் இரண்டு மரை நசுங்கி, போல்ட் தளர்ந்து, பிராக்கெட் முகத்தில் பளபளவென்று உராய்ந்த வட்டம் விழுந்திருந்தது. பலரும் பிராக்கெட்டை போல்ட்டின் தண்டு தாங்குவதாக நினைக்கிறார்கள். தாங்குவது தண்டல்ல, இறுக்கம். இரண்டு முகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் வரும் பிடி. இறுக்கம் போன பிராக்கெட் ஒவ்வொரு குழியிலும் போல்ட்டைச் சுத்தியல்போல் அடிக்கிறது.

எதை மாற்றுவது, எதை ஒட்டுவது

நான்கு வழி இருந்தன. ஒட்டுவது ஏற்கெனவே தோற்றுவிட்டது. அதுவும் பிரேக் பெடல் தாங்குகிற பிராக்கெட்டில், ஒருமுறை உருகி மறுபடி உடைந்த டை காஸ்டிங்கை மூன்றாவது முறை நம்புவதற்கில்லை. எம்சீல், எபாக்சிப் பசை, கேஸ் விளக்கில் உருக்கும் அலுமினியக் குச்சி எல்லாம் டேங்க் கசிவுக்கும் உறை ஓட்டைக்கும் ஆகும். காலின் எடைக்கு ஆகாது.

கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் அதே மாடல் பிராக்கெட் கிடைக்கும். விலை பாதிக்கும் கீழ். ஆனால் கழற்றிய வண்டி எதனால் காயலான் கடைக்கு வந்தது என்று யோசிக்க வேண்டும். விபத்தில் அடிபட்ட வண்டிதான் நிறைய. புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் எடுக்கவே வேண்டாம், பெயின்ட் மறைப்பது விரிசலைத்தான். பெயின்ட் இல்லாத பழைய சாமானுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கால் மணி நேரம் ஊற வைத்து, துணியால் நன்றாகத் துடைத்து, கழுத்திலும் காதுகளிலும் சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகக் காட்டும். இதையே சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் உள்ள ஸ்ப்ரே டப்பாவில் செய்தால் இன்னும் துல்லியம். சாயம் ஊற 10 - 15 நிமிடம் விட வேண்டும்.

மூன்றாவது, பத்து மி.மீ. அலுமினியப் பிளேட்டை, 6061 அல்லது 6082 கலவை, டி6 என்ற கடினப் பதத்தில், சிஎன்சியில் (கணினி ஓட்டும் மெஷின்) வெட்டிப் புதிதாகச் செய்வது. சத்தி ரோட்டிலேயே கோவை கணபதி வரை போனால் அதற்கான மெஷின்களுக்குக் குறைவில்லை. உருட்டிய பிளேட் வார்ப்பைவிடப் பல மடங்கு வளைந்து கொடுக்கும், காற்றுக் குழி கிடையாது. சாமான் நின்றுபோன பழைய மாடல்களுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் பெடல் அச்சு, சிலிண்டரின் இரண்டு எம்6 துளை, காதுகளின் கோணம் எல்லாம் பழையதிலிருந்து அளந்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு பிராக்கெட்டுக்கு மெஷின் நேரம் கட்டுபடியாகாது. உள் மூலைகளைக் கூராக வெட்டாமல் குறைந்தது 5 மி.மீ. ஆரம் விடச் சொல்ல வேண்டும். கூர் மூலை விரிசலுக்கு வாசல்.

இந்த மாடலுக்குக் கம்பெனி சாமான் கவுன்டரில் கிடைத்தது. நான்காவது வழியான அதையே எடுத்தார்கள். வாங்குமிடத்திலேயே வெர்னியரில் துளைகளின் மைய இடைவெளியைப் பார்ப்பதும், பழைய துண்டுகளோடு எடையை ஒப்பிடுவதும் நல்லது. எடை கணிசமாகக் குறைந்தால் அது டூப்ளிகேட்.

வேலை நடந்த வரிசை

சென்டர் ஸ்டாண்ட், அல்லது பின்சக்கரம் தூக்கும் ஸ்டாண்டில் வண்டி. சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். சில மாடலில் சைலன்சர் தாங்கியும் இதே பிராக்கெட்டில் வரும். அப்படியானால் சைலன்சருக்குக் கீழ் மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொட வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் வாயில் உள்ள ஸ்டட்டில் பாரம் விழும். கழற்றும் முன் போனில் நான்கு படம். பிரேக் லைட் சுவிட்சின் ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்பது பிறகு ஒருவருக்கும் நினைவிருக்காது.

பிரேக் லைனைத் திறக்கத் தேவையில்லை. மாஸ்டர் சிலிண்டர் புஷ்ராடின் (பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி) கவைப் பின்னிலிருந்து ஸ்பிளிட் பின்னை உருவி, இரண்டு எம்6 போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டர் தனியே வரும். அதை ஹோஸில் தொங்கவிடாமல், நிமிர்ந்த நிலையில் பிளாஸ்டிக் டேக் போட்டுச் சேசிஸில் கட்ட வேண்டும். ஆயில் டப்பா தலைகீழானால் காற்று உள்ளே போகும். பிறகு பிளீட் பண்ணி அந்தக் காற்றை வெளியேற்றாமல் தீராது.

அடுத்து சேசிஸ். கீழ்க் குமிழைச் சுற்றிய வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சாய ஸ்ப்ரே அடித்துப் பார்த்ததில் விரிசல் இல்லை. இருந்திருந்தால் வேலை வேறு மாதிரி: சேசிஸ் வெல்டிங், பேட்டரி இணைப்பையும் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். உள்ளே போன குமிழை நீளக் கம்பி திருகி நெம்பி இழுக்கும் வழக்கம் இருக்கிறது. எம்8 கம்பி அந்த முறுக்கத்துக்கு வளையும், மரையும் போகும். முகம் நேராகவே இறங்கியிருந்ததால் இங்கே நெம்ப வேண்டிய அவசியமில்லை. லேத்தில் ஓர் இரும்பு ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்தார்கள்: வெளிவிட்டம் 20 மி.மீ., துளை 8.5 மி.மீ., கனம் 1.5 மி.மீ. முகம் சாய்ந்திருந்தால் ஒரே கனமுள்ள ஷிம் உதவாது; குமிழை அறுத்து, ஜிக்கில் வைத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மெல்லிய வாஷர்களை இரண்டு மூன்றாக அடுக்குவதும் வேண்டாம். அடுக்கு உட்கார உட்கார இறுக்கம் குறையும்.

மேல்க் குமிழின் நசுங்கிய மரையில் எம்8, 1.25 பிட்ச் டேப்பை (மரை வெட்டும் கருவி) எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னால் கால்சுற்று பின்னால் என்று ஓட்டியதில், அடியில் இருந்த நல்ல மரை 10 மி.மீ. தேறியது. தேறியிருக்காவிட்டால் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் இறக்கும் கம்பிச் சுருள்) போட வேண்டும்: 8.3 மி.மீ. டிரில், அதற்கான தனி டேப், 12 மி.மீ. நீளச் சுருள். போல்ட் உள்ளே முறிந்து மாட்டிக்கொண்ட வண்டிகளில் ஈஸி அவுட்டை (முறிந்த போல்ட்டைக் கழற்றும் கருவி) அவசரப்பட்டு முறுக்கி அதையும் உள்ளேயே உடைப்பவர்கள் அதிகம். முறிந்த முனை வெளியே 2 மி.மீ. நீட்டினாலும் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே மிக் வெல்டிங் நிரப்பி, சூடு ஆறும்போது ஸ்பானர் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

பிராக்கெட்டும் குமிழும் தொடும் முகங்களில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார்கள். கனமான பவுடர் கோட்டிங் நடுவில் மாட்டினால் நாள்பட நசுங்கி இறுக்கத்தைத் தின்றுவிடும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். உரம், சாணம் படும் தோட்டத்து வண்டிகளில் இன்னும் வேகம். எல்லாம் இறுக்கியபின் சந்தின் ஓரத்தில் மட்டும் லேசாகக் கிரீஸ் தடவினால் போதும், மரையில் வேண்டாம்.

போல்ட்டுகள் இரண்டும் 8.8. ஷிம் வந்ததால் கீழ்ப் போல்ட் 25 மி.மீ.க்குப் பதில் 30. குமிழ் அடைபட்ட துளையாக இருந்தால் நீள போல்ட் அடியில் முட்டி, இறுகியதுபோல் ஏமாற்றும். ஒரு கம்பியை விட்டு ஆழத்தை அளந்த பிறகே நீளத்தை முடிவு செய்ய வேண்டும். மரையில் நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு. முதலில் இரண்டையும் கையாலேயே ஓட்டிவிட்டு, கீழ் போல்ட் முழுதும் தளர்வாக இருக்கும்போது மேல் போல்ட்டை மட்டும் இறுக்கிப் பார்த்தார்கள். கீழ் முகத்தில் 0.1 மி.மீ. ஃபீலர்கூட நுழையவில்லை. இந்த ஒரு நிமிடச் சோதனையை முதல் முறை செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு மாற்றி மாற்றி 10, 18, 24 நியூட்டன் மீட்டர். 24 என்பது எம்8, 8.8 போல்ட்டுக்கான பொது அளவு. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: போல்ட்டின் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி ஸ்பானரில் தொங்கு தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுத்தால் 16 கிலோ காட்டும்போது 24 நியூட்டன் மீட்டர். பூ மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்காரரிடம் தராசுக்கா பஞ்சம்! சிலிண்டரின் எம்6 போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர். இதே கையால் இறுக்கினால் எம்6 அறுந்துவிடும்.

ஃபுட்ரெஸ்ட்டின் கீல் பின் புதிது. காதுகளின் துளையைச் சுத்தம் செய்து, தண்ணீருக்குக் கரையாத லித்தியம் கிரீஸ் தடவி, பின்னின் தலை மேலே வரும்படி இறக்கினார்கள். கிளிப் விழுந்தாலும் பின் கீழே நழுவாமல் நிற்பதற்காக அப்படி. இரண்டு விரலால் மடக்கினால் மடங்க வேண்டும், விட்டால் ஸ்பிரிங் தானாகத் திருப்ப வேண்டும். மடங்கித் திரும்பாமல் நின்றால் ஸ்பிரிங்கின் கால் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பெடலைப் பூட்டியதும் பலர் தவறவிடும் ஒன்று புஷ்ராடின் விளையாட்டு. பெடல் உயரத்தைத் தன் வசதிக்கு மாற்றுகிறேன் என்று ராடை நீட்டிவிட்டால், மிதிக்காதபோதும் பிஸ்டன் கொஞ்சம் உள்ளேயே நிற்கும். ஆயில் திரும்பும் சிறு துளை அடைபடும். ஓட ஓடச் சூட்டில் ஆயில் விரிந்து பிரேக் தானாகப் பிடிக்கும். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மெல்லிய ஆட்டம் கையில் தெரிய வேண்டும். பெடலைப் பத்து முறை அழுத்தி விட்டபின் பின்சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது; பிரேக் லைட்டும் பெடல் அசைந்த உடனே எரிந்தது. ஸ்பிளிட் பின் புதிது, பழையதை நிமிர்த்திப் போடக் கூடாது.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

சாமான் நின்றுபோன வண்டிகளில், அதிலும் பிரேக் சேராத பக்கத்தில், கனமான வார்ப்பு என்றால் ஆர்கான் வெல்டிங் செய்யலாம். முதலில் பிராக்கெட்டை 10 மி.மீ. இரும்புப் பிளேட்டில் அதே துளைகளில் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும்; இல்லையென்றால் ஆறும்போது இழுத்து, துளைகள் நகர்ந்து, மேலே சொன்ன 1.5 மி.மீ. கதை புதிதாகத் தொடங்கும். விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை. இரண்டு பக்கமும் 25 மி.மீ. வரை பெயின்ட்டை எடுத்து, அசிடோனில் துடைத்து, வேறெதற்கும் தொடாத ஸ்டெயின்லெஸ் பிரஷ் போட வேண்டும். 60 - 70 பாகையில் ‘வி’ வெட்டு. 120 - 150 டிகிரி முன்சூடு. ஏசி கரன்ட், ஆர்கான் நிமிடத்துக்கு 8 - 12 லிட்டர், குச்சி 4043 அல்லது 4047. 5356 குச்சியை இந்தச் சிலிக்கான் வார்ப்பில் போட்டால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். பட்டறையில் அதுதான் கைவசம் என்றால் காத்திருப்பதே நல்லது. குறுகிய குறுகிய ஓட்டமாக வைத்து, மணலில் புதைத்து ஆற விட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியம் சிவக்காமலே உருகும் என்பதால் நிறம் பார்த்து வேலை செய்பவர் கையில் காது முழுதும் சட்டென்று சொட்டிவிடும்.

என்ஜினுக்கு அடியில் நான்கு போல்ட்டில் குறுக்கே போகும் இரும்புக் கம்பி ஃபுட்ரெஸ்ட் உள்ள 100 சிசி வண்டிகளுக்கு இத்தனை பாடு கிடையாது. வளைந்தால் கழற்றி, வைஸில் வைத்து நிமிர்த்தலாம். இரண்டாம் முறை அதே இடத்தில் வளைந்தால் மாற்றிவிட வேண்டும். பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் உடைந்தால் மூட்டைதானே வைக்கிறோம் என்று கழற்றி எறிவது சட்டப்படியும் தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

வண்டி வெளியே போகும் முன் இரண்டு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட்வரை சிவப்பு நெய்ல் பாலிஷால் ஒரு கோடு இழுத்தார்கள். கோடு உடைந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று தினமும் குனிந்து பார்த்தாலே தெரியும். 100 கி.மீ. ஓடியபின் திரும்ப வந்தபோது கோடு அப்படியே இருந்தது. தராசு மாட்டி இழுத்துப் பார்த்ததில் 16 கிலோ வரை இரண்டு போல்ட்டும் அசையவில்லை.

“பழசக் காயலாங் கடைக்குப் போட்டரட்டுங்களாண்ணா?”

“கொஞ்சம் பொறு தம்பி.”

துண்டுகளை வைஸில் வைத்து, காதுகளுக்கு நடுவே ஹேக்ஸாவால் அறுத்து, நான்காக்கிய பிறகே கொடுத்தார்கள். முழுதாகப் போனால் யாராவது ஒட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து மறுபடி விற்பார்கள்.